வீட்டு மாடியில் சோலார்: அரசு மானியத்துக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதனால் கரண்ட் பில் எகிறுமா சார்?" 150 வாட் எடுக்கும் கம்ப்யூட்டரைத் தினமும் 4 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட்தான் ஆகும். பயப்பட வேண்டாம். அதே கம்ப்யூட்டரை வைத்துக் கரண்ட் பில்லைக் குறைக்கவும் முடியும். அம்மாவின் வீட்டுக்கு நான் அப்படிச் செய்தபோது கிடைத்த அனுபவத்தை இங்கே சொல்கிறேன்.

என்ன மானியம்?

மத்திய அரசு 2024 பிப்ரவரியில் 'பிரதமரின் சூரிய வீடு' (பி.எம். சூர்ய கர்) திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடி வீடுகளின் மாடியில் சோலார் பேனல் அமைப்பது இதன் இலக்கு. திட்டக்காலம் 2026-27 நிதியாண்டு வரை. 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78,000 மானியம். 5 கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான்.

இது வீட்டு மின் இணைப்புகளுக்கு மட்டும். கடைக்கும் பட்டறைக்கும் கிடையாது. சிறு தொழிற்சாலை வைத்திருப்பவர்கள் தமிழக அரசின் 'பீஸ்' திட்டம் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். மின் தணிக்கைச் செலவில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்.

முதலில் எக்ஸெல்லைத் திறவுங்கள்

எத்தனை கிலோவாட் தேவை என்று விற்பனையாளரைக் கேட்பதற்கு முன் நீங்களே கணக்குப் போடுங்கள். எக்ஸெல்லில் சாதனத்தின் பெயர், வாட், எண்ணிக்கை, தினமும் ஓடும் மணி நேரம் என நான்கு கட்டங்கள் போதும். ஐந்தாவது கட்டத்தில் வாட், எண்ணிக்கை, மணி மூன்றையும் பெருக்கி 1000ஆல் வகுத்தால் ஒரு நாள் யூனிட் வந்துவிடும்.

அம்மா வீட்டில் இரண்டு மாதத்துக்கு 520 யூனிட் ஆனது. கணக்குப் போட்டபோது குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கியது. மூன்று பழைய மின்விசிறிகள்! ஒவ்வொன்றும் 75 வாட், தினமும் 15 மணி நேரம். அவற்றை எடுத்துவிட்டு 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிகளை மாட்டினேன். இரண்டு மாதத்துக்குச் சுமார் 120 யூனிட் குறைந்தது.

1 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மாதம் 260 யூனிட் என்று இருந்தபோது 3 கிலோவாட் தேவைப்பட்டது. 200 ஆனதும் 2 கிலோவாட்டே போதும் என்றாகிவிட்டது. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி, நிழல் விழாத இடம் வேண்டும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். எனவே மிகக் குறைவாக மின்சாரம் செலவழிப்பவர்களுக்கு சோலாரால் பெரிய லாபம் இருக்காது.

விண்ணப்பிக்கும் முறை

பிரவுசரைத் திறந்து பிஎம்சூர்யகர் டாட் கவ் டாட் இன் என்ற முகவரிக்குச் செல்லுங்கள். முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா எனக் கட்டாயம் பாருங்கள். 'டாட் காம்' என்று முடியும் தளங்களில் விவரம் எதையும் டைப் செய்யாதீர்கள்.

செல்போன் எண்ணைக் கொடுத்து, வரும் ஓ.டி.பி.யைப் போட்டு லாகின் செய்யுங்கள். மாநிலம், மாவட்டம், மின் நிறுவனம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். பிறகு இ.பி. கார்டில் உள்ள மின் இணைப்பு எண்ணை டைப் செய்யுங்கள். அந்த இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பது திரையில் தோன்றும்.

நான் அந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன். திரையில் அப்பாவின் பெயர் வந்தது. அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. பில் கட்டுவது அம்மா, வங்கிக் கணக்கும் அம்மா பெயரில். இத்தனை வருடம் பில்லில் அப்பா பெயர் இருப்பதை யாரும் கவனிக்கவே இல்லை.

"முதலில் பேனலை மாட்டிவிடலாம், பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார் விற்பனையாளர். நான் சம்மதிக்கவில்லை. ஏனென்றால் முழுத் தொகையையும் முதலில் நாம்தான் கட்ட வேண்டும். மானியம் பிறகுதான் வரும். மின் இணைப்பில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். அம்மாவின் சேமிப்பில் 60,000 ரூபாய் சிக்கிக்கொண்டால் யார் பொறுப்பு?

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றை ஸ்கேன் செய்து, பெயர் மாற்றத்துக்கு இணையத்திலேயே விண்ணப்பித்தேன். பெயர் மாறிய பிறகே மறுபடி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். அப்பா பெயரை நீக்கத்தான் வேண்டுமா என்று அம்மா ஒரு முறை கேட்டார். அந்தப் பழைய இ.பி. கார்டை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

அதன் பிறகு

ஒப்புதல் கிடைத்ததும், தளத்தில் உள்ள பட்டியலிலிருந்து பதிவு பெற்ற நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். இந்தியாவில் தயாரான செல்களைக் கொண்ட பேனலுக்கு மட்டுமே மானியம் உண்டு. இதை ரசீதில் எழுதி வாங்குங்கள். பேனல் மாட்டியதும் நெட் மீட்டர் பொருத்துவார்கள். மாடியிலிருந்து லைனுக்குப் போவதையும் லைனிலிருந்து வருவதையும் அது அளக்கும். ஆய்வு முடிந்து அறிக்கை பதிவானதும் வங்கி விவரங்களைக் கொடுக்க வேண்டும். 30 நாட்களுக்குள் மானியம் என்பது அரசு அறிவித்துள்ள காலக்கெடு. அம்மா கணக்கில் 60,000 ரூபாயும் வந்து சேர்ந்தது.

மறக்கக் கூடாதவை

பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கும் ஊழியரின் பாதுகாப்புக்காகவே இந்த ஏற்பாடு. எனவே கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். எப்போதும் வேண்டும்.

"உங்கள் மானியம் தயார், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று போன் வந்தால் உடனே துண்டியுங்கள்.

இன்றே உங்கள் இ.பி. கார்டை எடுத்து, அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மற்றவை எல்லாம் சில க்ளிக்குகள்தான்.