வயிற்றுவலியா, மனவலியா?

சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்ட வேலைக்கு விடியற்காலையிலேயே புறப்படும் தாய்மார்கள் பலர். அந்த அவசரத்தில் பையன், "வயிறு வலிக்குதும்மா, பள்ளிக்கூடம் போகலே" என்று சுருண்டு படுத்தால் என்ன தோன்றும்? பாசாங்கு என்றுதானே! பட்டணத்து வீடுகளிலும் இதே கதைதான்.

ஆனால், பரீட்சைக்குப் பயந்த குழந்தையின் வயிறு நிஜமாகவே வலிக்கிறது. மூளைக்கும் குடலுக்கும் நரம்புகளின் வழியே ஓயாத தொடர்பு உண்டு. மனம் கலங்கினால் குடலும் கலங்கும். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பில் கோளாறு இல்லையென்று அவர் சொன்னால், கையை ஓங்காதீர்கள். "பள்ளிக்கூடத்திலே என்ன நடந்துச்சு, ராசா?" என்று கேட்டுப் பாருங்கள்.

மூச்சை நிதானமாக இழுத்து விடுவது, பெரிய பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்துப் படிப்பது, நேரத்தில் உறங்குவது—இவற்றை வீட்டிலேயே பழக்கலாம்.

அப்படியும் தீரவில்லையா? மனநல டாக்டரைத் தேடிப் பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போய்விடுமே என்று தயங்க வேண்டாம். மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கூப்பிட்டால், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது. ஆலோசகர் பொறுமையாகக் கேட்பார். அவசியமானால் நிபுணரிடம் இணைப்பார். "வாழவே பிடிக்கலே" என்று குழந்தை சொன்னாலோ, ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

சகோதரிகளே, இன்றைக்கே அந்த எண்ணைச் சமையலறைக் காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்!