இதயத்துக்குப் பக்கத்தில் இரைப்பை தெரிந்தால்…

20ஆவது வார ஸ்கேனில் பல பெற்றோர் முதலில் கேட்பது ஆணா, பெண்ணா என்றுதான். ஸ்கேன் செய்பவரின் கவனமோ சிசுவின் மார்பில் இருக்கும். குறுக்குவெட்டாகப் பார்க்கும்போது இதயமும் இரு நுரையீரல்களும்தான் அங்கே தெரியவேண்டும். இதயத்தை ஒட்டிக் கறுப்பாக ஒரு குமிழ் தெரிந்து, வயிற்றில் இரைப்பையைக் காணவில்லை என்றால், இரைப்பை மேலே ஏறிவிட்டதோ என்ற சந்தேகம் எழும்.

மார்பையும் வயிற்றையும் பிரிப்பது உதரவிதானம் என்ற தசைத்திரை. கருவின் தொடக்க வாரங்களில் அது முழுமையாக மூடாமல் போனால், அந்த ஓட்டை வழியாகக் குடலும் இரைப்பையும், சிலநேரம் கல்லீரலும் மார்புக்குள் நுழைகின்றன. சுமார் 3,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி நேர்கிறது. பெரும்பாலும் இடப்பக்கத்தில்தான்.

ஓட்டையைப் பின்னர் தைத்துவிடலாம். உண்மையான சிக்கல் நுரையீரலில். இடமில்லாமல் அது சிறுத்துப்போகிறது. கருவில் இருக்கும்வரை நச்சுக்கொடி வழியாகப் பிராணவாயு கிடைப்பதால் குழந்தை வழக்கம்போல் உதைக்கும். தாய்க்கு எதுவும் தெரியாது. தொப்புள்கொடியை வெட்டிய பிறகுதான் போராட்டம்.

எனவே, எஞ்சிய நுரையீரலைத் தலைச்சுற்றளவோடு ஒப்பிட்டு, அந்த வாரத்துக்குரிய அளவில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுவார்கள். 25 விழுக்காட்டுக்கும் குறைவு என்றால் கடுமையான நிலை. கல்லீரல் மேலேறியுள்ளதா என்பதை எம்ஆர்ஐ தெளிவாகக் காட்டும். வேறு குறைகளும் சேர்ந்திருக்கலாம் என்பதால் இதயப் பரிசோதனையும் குரோமோசோம் சோதனையும் உண்டு.

கடுமையான இடப்பக்கப் பாதிப்புக்குக் கருவிலேயே மூச்சுக்குழாயில் சிறு பலூன் வைக்கும் சிகிச்சை உள்ளது. 2021இல் வெளியான அனைத்துலக ஆய்வில், பலூன் வைக்கப்பட்டோரில் 40 விழுக்காட்டினர் உயிருடன் வீடு திரும்பினர். வைக்கப்படாதோரில் 15 விழுக்காட்டினரே. ஆனால் குறைமாதப் பிரசவங்கள் அதிகமாயின.

பலூன் தேவைப்படாதவர்களுக்கும் முன்கூட்டியே தெரிவது பெரிய உதவி. பிறந்த குழந்தை மூச்சு விடத் திணறினால் பொதுவாக முகமூடி வழியாகக் காற்று செலுத்துவார்கள். இங்கே அப்படிச் செய்தால் மார்புக்குள் இருக்கும் இரைப்பையும் குடலும் ஊதி, நுரையீரலை மேலும் நசுக்கும். மூச்சுக்குழாயில் உடனே குழாய் பொருத்தவேண்டும். அதற்கு, சிசுத் தீவிர சிகிச்சைப் பிரிவும் குழந்தை அறுவை மருத்துவர்களும் உள்ள மருத்துவமனையில் பிரசவம் நடக்கவேண்டும். அறுவை சிகிச்சை அன்றே நடக்காது. இரத்த ஓட்டமும் சுவாசமும் சீரானபின், பெரும்பாலும் சில நாள்கள் கழித்தே.

வலப்பக்க ஓட்டை ஸ்கேனில் தவறிப்போவதுண்டு. மேலேறும் கல்லீரல் நுரையீரலைப் போலவே சாம்பல் நிறத்தில் தெரிவதே காரணம்.