தெருவை விட வீடு பள்ளமாவது ஏன்? ஜாக்கி வைத்துத் தூக்கினால் தீருமா?

சென்னையின் வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர் பக்கம் இருபது, முப்பது வருடங்களுக்கு முன் கட்டிய தனி வீடுகள் பலவற்றுக்கு ஒரே பிரச்சினை. கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி வாசலுக்குப் போனார்கள். இப்போது கேட்டைத் திறந்து இரண்டு படி இறங்க வேண்டியிருக்கிறது. "வீடு இறங்கிடுச்சு" என்று சொல்வது வழக்கம். உண்மையில் வீடு அதே இடத்தில்தான் இருக்கிறது, தெருதான் ஏறிவிட்டது.

தெரு எப்படி ஏறுகிறது?

பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே அளவுக்குப் புதியதைப் போட வேண்டும். இதற்கு 'மில்லிங்' என்று பெயர். சுரண்டாமல் மேலேயே போட்டால் ஒவ்வொரு முறையும் தெரு ஓரிரு அங்குலம் உயரும். இரண்டு அங்குலம் என்று வைத்தாலும் ஆறு முறை போட்டால் ஓர் அடி!

சாலையைச் சுரண்டிய பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு உத்தரவிட்டார். ஆனால், அதற்கு முன்பே உயர்ந்துவிட்ட தெருக்கள் அப்படியேதான் இருக்கின்றன.

புறநகரில் ஏன் சிக்கல் அதிகம்?

இந்தப் பகுதிகளில் பல மனைகள் ஒரு காலத்தில் ஏரியும் வயலும் சதுப்பு நிலமுமாக இருந்தவை. இங்கே வீடுகள் முதலில் வந்தன, வடிகாலும் பாதாளச் சாக்கடையும் பிறகுதான் வந்தன. 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 சதுர கி.மீ. ஆக விரிந்தபோதுதான் மடிப்பாக்கம், பள்ளிக்கரணை போன்றவை மாநகராட்சிக்குள் வந்தன. குழாய் பதிக்கத் தோண்டுவதும், மூடிவிட்டு மறுபடி சாலை போடுவதும் தொடர்ந்தது.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆனால், அதற்குள் அதன் பெரும்பகுதி கட்டிடங்களாகிவிட்டது. தேங்க இடமில்லாத தண்ணீர், பள்ளமான வீட்டைத் தேடி வருகிறது. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் இதைக் காட்டின.

தரை நனைவதோடு முடிவதில்லை. சம்ப் மூடி தெரு மட்டத்துக்குக் கீழே இருந்தால் குடிநீரில் சாக்கடை கலக்கும். கழிவறையில் தண்ணீர் திரும்பி மேலே வரும்.

வீட்டைத் தூக்குவது எப்படி?

சுவரை ஒட்டித் தோண்டி, அஸ்திவாரத்துக்கு மேல் சுவரைப் பிரித்து, வரிசையாக ஜாக்கிகளைப் பொருத்துகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே சீராக, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுவார்கள். ஒரு மூலை முந்திக்கொண்டால் சுவரில் விரிசல் விழும். மூன்று, நான்கு அடி உயர்த்தியபின் இடைவெளியில் செங்கல், கான்கிரீட் கட்டி, உள்ளே மண் நிரப்பிப் புதிய தரை போடுவார்கள். குடிநீர், கழிவுநீர்க் குழாய்களையும் மாற்றியாக வேண்டும்.

சேமிப்பையெல்லாம் போட்டுக் கட்டிய குடும்பத்துக்கு இது இரண்டாவது கடன். அது முடியாதவர்கள், உள்ளே தரையை மட்டும் உயர்த்துகிறார்கள். கதவு குட்டையாகிறது, மின்விசிறி தலைக்கு அருகே வருகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாலு பேர் வீட்டை உயர்த்தி, காம்பவுண்டுக்குள் மண் கொட்டினால், அங்கே நின்ற தண்ணீர் உயர்த்தாத ஐந்தாவது வீட்டுக்குப் போகும். பெரும்பாலும் அது ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களின் வீடாகவோ, வாடகைக்கு விட்ட வீடாகவோ இருக்கும்.

என்ன செய்யலாம்?

* தெருவின் இப்போதைய மட்டத்தைக் காம்பவுண்டுச் சுவரில் பெயின்ட்டால் குறித்து, தேதியுடன் படம் எடுத்து வைக்கலாம்.

* சாலைப் பணி வருவது தெரிந்ததும், தெருவாசிகள் சேர்ந்து வார்டு கவுன்சிலரிடமும் உதவிப் பொறியாளரிடமும் "மில்லிங் உண்டா?" என்று எழுத்துமூலம் கேட்கலாம்.

* சுரண்டாமல் வேலையைத் தொடங்கினால், சென்னை மாநகராட்சிப் பகுதியில் உடனே 1913-ல் புகார் செய்யலாம்.

இதையெல்லாம் தார் லாரி வருவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். ரோலர் ஓடி முடிந்தபிறகு போட்ட சாலையைப் பெயர்க்க வைப்பது எளிதல்ல.