சுரங்கம் முதல் காயலான் கடை வரை

குன்றத்தூரை அடுத்த திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில், வாகனங்களுக்கு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகள் ஏராளம். அங்கே சி.என்.சி. லேத்தில் கடைந்தெடுக்கும் ஒரு கிலோ ஷாஃப்ட்டுக்காக எவ்வளவு கரியமில வாயு வெளியேறியிருக்கும்?

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. ஷாஃப்ட்டுக்கு 1.6 கிலோ எஃகு ராடு தேவை. மீதி 600 கிராம் சீவலாகக் கழியும். இந்தியாவில் ஒரு கிலோ எஃகு உருவாகச் சராசரியாகச் சுமார் 2.5 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஆக, ராடு பட்டறைக்குள் நுழையும்போதே 4 கிலோ. கடைவதற்கு 2 யூனிட் மின்சாரம் என்று வைத்தால், யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ வீதம் 1.4 கிலோ. மொத்தம் 5.4 கிலோ.

கூரை முழுக்கச் சூரியத் தகடு போட்டாலும் குறைவது கால் பங்குதான். ராடின் எடையை 1.2 கிலோவாகக் குறைக்கும் வடிவமைப்பு தனியாகவே ஒரு கிலோ வாயுவைத் தவிர்க்கும். பட்டறையின் மின்கட்டணத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது. வண்டி ஓடத் தொடங்கிய பிறகும் கணக்கு நீளும்: எரியும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலும் சுமார் 2.3 கிலோ கரியமில வாயுவாகிறது. பாகத்தின் எடை குறைந்தால் அந்தச் செலவும் குறையும். கடைசியில் ஷாஃப்ட்டும் சீவலும் காயலான் கடை வழியாக உலைக்குத் திரும்பினால், அந்த அளவுக்குப் புதுத் தாது தோண்ட வேண்டாம்.

இப்படிப் பிறப்பு முதல் இறுதி வரை அளப்பதே வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு. 1969இல் கோகோ கோலா தன் பானக் கலன்களை ஒப்பிட இந்த வழியை நாடியது. 1997இல் ஐ.எஸ்.ஓ. 14040 தரநிலை வந்தது.

இன்று இது வணிகத்தின் நிபந்தனையாகிவிட்டது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, 2022-23 நிதியாண்டிலிருந்து சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்களுக்கு நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயமாக்கியது. இறக்குமதிப் பொருள்கள் மீதான ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கரிம வரி 2026 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. எஃகு போல்ட், நட்டுகளும் அதில் அடக்கம்.

இதற்காகத் தங்களுக்குப் பாகம் செய்துதரும் பட்டறைகளிடம் கணக்குக் கேட்கும் பெரிய நிறுவனங்கள், படிவத்தை அனுப்பிவிட்டு ஒதுங்குவது நியாயமல்ல. அளக்கும் கருவிக்கும் பயிற்சிக்குமான செலவை அவையும் ஏற்க வேண்டும். வடிவமைப்பை மாற்றும் அதிகாரம் அவற்றிடம்தானே இருக்கிறது?

பட்டறை உரிமையாளர்கள் இன்றே மூன்று எண்களைக் குறித்துவைக்கத் தொடங்கலாம்: வாங்கிய ராடின் எடை, விற்ற சீவலின் எடை, ஓடிய மின் யூனிட். நாளை யார் கணக்குக் கேட்டாலும் அந்த மூன்றிலிருந்துதான் பதில் தொடங்கும்.