அணில் தின்றதா, எலி தின்றதா?

விழிஞ்ஞம், முக்கோலை, வெங்ஙானூர் பகுதிகளில் வாடகை வீட்டில் குடியிருக்கும் தமிழர்களுக்குத் தென்னை மரத்தால் ஒரு தனிச் சங்கடம் உண்டு. வீட்டுக்கு வாடகை கொடுக்கிறார்கள். முற்றத்தில் நிற்கும் மரமோ வீட்டுக்காரருடையது. நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு முறை மரமேறி வந்து குலை வெட்டும்போது, வீட்டுக்காரர் காய்களை எண்ணுகிறார். போன வெட்டுக்கு இருந்த அளவு இந்த வெட்டுக்கு இல்லை. மரத்தடியில் குடியிருப்பவர் யார்? நாகர்கோவிலிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ பிழைக்க வந்த கொத்தனார், தச்சர், கடைச் சிப்பந்தி, குமாஸ்தா. வாய் திறந்து யாரும் எதுவும் கேட்பதில்லை. பார்க்கிற பார்வையிலேயே கேள்வி இருக்கிறது.

தேங்காய் மலிவாகக் கிடைத்த காலத்தில் இதையெல்லாம் பெரிதுபடுத்துவார் இல்லை. 2025-ஆம் ஆண்டு ஜூலையில் கேரளத்தில் தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டிய பிறகு, ஒவ்வொரு காய்க்கும் கணக்கு வந்துவிட்டது. "அணில் தின்றிருக்கும்" என்று குடியிருப்பவர் சொன்னால், அது சாக்குப்போக்காகவே காதில் விழுகிறது. அணில் தின்றதா, வேறு எது தின்றது என்று காட்டவும், தின்ன விடாமல் தடுக்கவும் வழி உண்டு. செலவும் அதிகமில்லை.

மூன்று கோட்டு அணில்

நாம் அணிற்பிள்ளை என்பதை இங்கே அண்ணான் என்கிறார்கள், கொஞ்சலாக அண்ணாரக்கண்ணன். இராமர் பாலம் கட்ட மணல் சுமந்த அணிலின் கதை இரு மொழிக்கும் பொது. தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையில் அந்த அணில் வருகிறது. "அண்ணாரக்கண்ணனும் தன்னாலாயது" என்பது மலையாளப் பழமொழி. எளியவனும் தன்னால் முடிந்ததைச் செய்வான் என்று பொருள்.

தென்னாட்டு அணிலுக்கு முதுகில் மூன்று வெள்ளைக் கோடுகள். வடநாட்டு அணிலுக்கு ஐந்து. எடை சுமார் நூறு கிராம். தேங்காய் நார், பன்னாடை, புல் இவற்றைக் கொண்டு மரத்திலோ கூரை இடுக்கிலோ கூடு கட்டும். ஓர் ஈற்றில் இரண்டு மூன்று குட்டிகள். எலியைப் போலவே அணிலுக்கும் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே பசி இல்லாத வேளையிலும் எதையாவது கொறித்தாக வேண்டும். பழம், கொட்டை, பூந்தேன் மட்டுமின்றிப் பூச்சிகளையும் தின்னும்.

கள்ளனைக் கண்டுபிடிக்க ஒரு வழி

அணிலுக்கும் எலிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் வேளையில்தான். அணில் பகலில் நடமாடி, பொழுது சாய்ந்ததும் கூட்டில் முடங்கிவிடும். எலி, பழந்தின்னி வௌவால், மலையாளத்தில் மரப்பட்டி எனப்படும் மரநாய் ஆகிய மூன்றும் இரவில் வருபவை.

எனவே மாலை ஆறு மணிக்கு மரத்தடியைச் சுத்தமாகப் பெருக்கிவிட வேண்டும். கைக்கெட்டும் பழங்களைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். விடிந்ததும் முதல் வேலையாக மறுபடி பார்க்க வேண்டும். இரவில் விழுந்திருந்தால் குற்றவாளி அணில் அல்ல. பகலில் சேதம் நடந்தால் அணில், கிளி, காகம் இவற்றில் ஒன்று. நாலைந்து நாள் இப்படிப் பார்த்தாலே விவரம் தெரிந்துவிடும்.

விழுந்த காயும் சாட்சி சொல்லும். தென்னை மண்டையில் குடியிருக்கும் கரு எலி, மூன்று முதல் ஆறு மாதப் பருவத்து இளங்காய்களைத்தான் அதிகம் நாடுகிறது. காம்பை ஒட்டிய மெதுவான இடத்தில் ஓட்டை போடும். அந்த ஓட்டையோடு இளங்காய் கீழே கிடந்தால் முதலில் எலியைத்தான் சந்தேகிக்க வேண்டும். இளங்காயை அணிலும் கடிப்பதுண்டு. ஆனாலும் எலி செய்த வேலைக்குப் பல வீடுகளில் அணில்தான் பழி சுமக்கிறது. கோக்கோ வைத்திருப்பவர்களுக்கு அடையாளம் இன்னும் எளிது. எலி, காயின் காம்புப் பக்கத்தில் துளைக்கும். அணில் நடுவில் துளைக்கும்.

இப்படி விழுந்த காய்களைத் தூர எறியாமல், அடுத்த வெட்டு வரை ஒரு மூலையில் குவித்து வைப்பது நல்லது. வீட்டுக்காரர் எண்ணும்போது அவற்றையும் சேர்த்து எண்ணட்டும். ஆயிரம் சமாதானம் சொல்வதைவிடப் பல் பதிந்த பத்துக் காய் மேல்.

தகரப் பட்டை

தென்னைக்கு வேளாண் துறையினர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் முறை தகரப் பட்டை. தரையிலிருந்து இரண்டு மீட்டர், அதாவது ஆறரை அடி உயரத்தில், 40 சென்டிமீட்டர் அகலமுள்ள வழுவழுப்பான தகரத்தை மரத்தைச் சுற்றி இறுக்கிக் கட்ட வேண்டும். எலி, அணில் இரண்டுக்கும் தகரத்தில் நகம் பிடிக்காது.

கட்டும்போது நாலு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஆணி அடிக்கக் கூடாது. தென்னந்தண்டில் பட்ட காயம் ஆறாது. அந்த வழியாக நோயும் புகும். கம்பியால் கட்டினால் போதும். இரண்டாவது, பட்டையைக் கழற்றி மாட்டும்படி கொக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மரமேறிக்கும், ஏறும் இயந்திரத்துக்கும் அது இடைஞ்சல். மூன்றாவது, மா, பலா போன்ற மரங்களின் அடி ஆண்டுக்கு ஆண்டு பருக்கும். தென்னையைப் போல அவற்றுக்கும் கட்டிவிட்டு மறந்தால், பட்டை மரத்தையே நெரித்துவிடும். ஆண்டுக்கொரு முறை தளர்த்த வேண்டும். நாலாவது, பக்கத்து மரத்தின் மட்டையோ கூரையோ தொட்டுக்கொண்டிருந்தால் பட்டையால் பயனே இல்லை. அணில் கீழிருந்து ஏறாமல் மேலிருந்தே தாவிவிடும். சுற்றிலும் ஏழெட்டு அடியாவது இடைவெளி வேண்டும். பத்து சென்ட் நிலத்தில் இருபது மரம் நிற்கும் கேரளத்து முற்றங்களில் இது எல்லா மரத்துக்கும் நடக்காது. தனியாக நிற்கும் மரங்களுக்கு நடக்கும்.

மின்கம்பியை உரசும் கிளையை நாமே வெட்டப் போகக் கூடாது. மின்வாரியத்தின் 1912 என்ற எண்ணில் தகவல் சொன்னால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மரமேறி வரும் நாளில் மண்டையையும் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும். காய்ந்த மட்டை, பழைய பாளை, பன்னாடை இவைதாம் எலிக்கும் அணிலுக்கும் வீடு. பட்டை கட்டும்போது எலி மேலேயே குடியிருந்தால், கள்ளனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதைதான்.

பழ மரங்களுக்கு

கொய்யா, மாதுளை, சீத்தா இவற்றுக்கு உறை போடுவதே உறுதியான வழி. காய் எலுமிச்சை அளவு வந்ததும் போட வேண்டும். துணிப் பையை அணில் கடித்துக் கிழித்துவிடும். ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலைக் கம்பியை வெட்டிப் பையாக மடித்தால் பல பருவத்துக்கு வரும். பழ ஈயும் அண்டாது. கோக்கோவுக்குத் துளையிட்ட பாலிதீன் பையில், மண்ணெண்ணெயில் கரைத்த தாரைப் பூசிக் காயை மூடும் முறையை ஆராய்ச்சி நிலையத்தார் சொல்லியிருக்கிறார்கள்.

பப்பாளியில் மஞ்சள் கீற்று ஓடியதும், சப்போட்டா முற்றியதும், வாழைத் தார் விளைந்ததும் பறித்து வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ பழுக்க வைக்கலாம். மரத்திலேயே பழுக்கட்டும் என்று காத்திருப்பது அணிலுக்கு இலை போடுவதாகும்.

மிளகாய்க் கரைசல் தெளிப்பதும் உண்டு. மிளகாயின் காரம் அணிலுக்கு உறைக்கும், பறவைக்கு உறைக்காது. ஆகவே கிளி வழக்கம்போல் வரும். மேலும் இடவப்பாதி மழையிலும் துலாவர்ஷத்திலும் அது ஒரு நாள்கூட நிற்காது. பளபளக்கும் தாள், பழைய இசைத்தட்டு போன்றவற்றுக்கு அணில் சில நாளே பயப்படும், பிறகு பழகிவிடும். தொய்வாகப் போட்ட நைலான் வலையோ பாம்புகளுக்கு எமன். எலியைத் தின்று நமக்கு உதவும் சாரைப்பாம்பு அதில் சிக்கிச் சாகும்.

செய்யக் கூடாதவை

வேலியிலோ மரத்திலோ மின்சாரம் பாய்ச்சுவது கொலைக்குச் சமம். 2025 ஜூனில் மலப்புரம் மாவட்டம் வழிக்கடவில், காட்டுப்பன்றிக்காகக் கள்ளத்தனமாக இழுத்த மின்கம்பியில் பட்டுப் பள்ளி மாணவன் ஒருவன் இறந்தான்.

விஷம் வைப்பதும் அப்படியே. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை வயிற்றுக்குள் போனால் ஈரலைக் கெடுக்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. குழந்தைகள் விளையாடும் முற்றத்தில், தேங்காய்ப் பத்தையில் தடவி வைத்த விஷம் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியுமா? செத்த எலியைத் தின்னும் பூனையும் ஆந்தையும்கூடச் சாகும். சிலர் பழைய நினைவில் தேடும் ஃப்யூரடான், கேரளத்தில் 2011-இல் தடை செய்யப்பட்டது.

அணிலைக் கொல்லுமுன் சட்டத்தையும் நினைக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பழைய ஐந்தாவது அட்டவணையில் காகம், பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி இவற்றையே தொல்லை தரும் பிராணிகளாகச் சேர்த்திருந்தார்கள். அணில் அதில் இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் அந்த அட்டவணையே எடுக்கப்பட்டுவிட்டது. கூண்டு வைத்துப் பிடிக்க நினைப்பவர்கள் வனத்துறை அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. பிடித்துத் தூரத்தில் விட்டாலும், காலியான மரத்துக்கு வேறு அணில் வந்து சேரும்.

கடித்த பழம் வேண்டாம்

அணில் கடித்த கொய்யா இனிக்கும் என்று நம் ஊரில் சொல்வது வழக்கம். அந்தப் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். 2018 மே மாதம் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் நிப்பா காய்ச்சல் 17 பேரின் உயிரைக் கொண்டுபோனது. அதன் பிறகும் கேரளத்தில் அது பல முறை தலைகாட்டியிருக்கிறது. அந்தக் கிருமியைச் சுமப்பது பழந்தின்னி வௌவால். வௌவாலும் பறவையும் கடித்த பழங்களை உண்ண வேண்டாம் என்று சுகாதாரத் துறை எச்சரிக்கிறது. பாதி தின்ற பழத்தைப் பார்த்து, கடித்தது அணில்தான் என்று யார் உறுதி சொல்வது? குழந்தைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும். கீழே விழுந்த கடிபட்ட பழத்தைக் குழி தோண்டிப் புதைத்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

யாரைக் கேட்பது?

கேரளத்தில் உள்ளாட்சிப் பகுதிதோறும் கிருஷி பவன் இருக்கிறது. மரம் யாருடையதாக இருந்தாலும் யோசனை கேட்கத் தடையில்லை; தமிழில் பேசினாலும் புரிந்துகொள்வார்கள். 1955-இல் தொடங்கிய வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரியும் விழிஞ்ஞத்துக்கு அருகில்தான் உள்ளது.

தகரப் பட்டைச் செலவை வீட்டுக்காரரிடம் பேசி, அவர் சம்மதத்தோடு செய்வதே முறை. காய் அவருடையது, பட்டையால் லாபமும் அவருக்கே. மழை தொடங்குமுன், மே மாத வெட்டு நாளில் மண்டை சுத்தம், பட்டை கட்டுதல் இரண்டையும் ஒரே கூலியில் முடித்துக்கொள்ளலாம். பிறகும் ஒன்றிரண்டு கொய்யா அணிலுக்குப் போகத்தான் செய்யும். அதன் பங்கு அது.