பேச்சடங்கிய பிள்ளை

சென்ற வாரம், பேசுவார் எவருமின்றியே காதில் விழும் குரல்களைப் பற்றியும், அக்குரல்களை நம்பி மனிதன் பெற்ற தாயையே சத்துருவாகப் பாவிக்கத் தொடங்கும் விபரீதத்தைப் பற்றியும் எழுதினேன். மனச்சிதைவு நோய் என்றவுடன் ஜனங்களின் நினைவுக்கு வருவது அதுதான். ஆனால் அந்த ஆரவாரத்துக்கு முன்னும் பின்னும், ஓசையே இல்லாமல் இந்த வியாதி செய்யும் வேலை ஒன்று உண்டு. அது கண்ணெதிரில் நடந்தும் வியாதியென்று அறியாமல், குணக்கேடு என்று கொண்டு மனம் கசந்துபோகும் பெற்றோர் பலர் ஆதலால், இந்த வாரம் அதைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

எனக்கு நெடுநாளாகப் பழக்கமான ஒரு குடும்பம். மூத்த பிள்ளைக்கு அப்போது வயது 20. ஆண்களுக்குப் பெரும்பாலும் அந்தப் பிராயத்தை ஒட்டியும், பெண்களுக்குச் சற்றுப் பிந்தியும் இந்நோய் தலைகாட்டுவது வழக்கம். கல்லூரிக்கு ஒழுங்காகப் போய்வந்தவன் முதலில் சிநேகிதர்களை விட்டான். பிறகு குளிப்பதை விட்டான். பின்னர், கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்வதையும் விட்டான். ஒரு நாள் நான் போயிருந்தபோது, அவன் அறையின் ஜன்னல் கண்ணாடிகளிலெல்லாம் சோற்றுப் பருக்கையைத் தேய்த்துச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. வாசற்படியருகே காலையில் வைத்த காப்பி, ஏடு படிந்து, மாலை வரையில் அப்படியே இருந்தது. "திங்கிறான், தூங்குறான்; இவனுக்கு என்ன சார் நோவு?" என்றார் தகப்பனார். தாயார், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று மந்திரித்த கயிறு வாங்கிவந்து கட்டினார். இப்படியே எட்டு மாதம் கழிந்தது. நள்ளிரவில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, "என்னைப் பத்தி ஏன் பேசிக்கிட்டே இருக்கீங்க?" என்று அவன் அழுத பிறகுதான் வைத்தியரிடம் போனார்கள்.

இல்லாத குரலைக் கேட்பதும், இல்லாத சதியை நம்புவதும் நோய் புதிதாகக் கொண்டுவந்து சேர்ப்பவை. ஊக்கம், சந்தோஷம், முகத்தில் தோன்றும் பாவம், பேச்சு ஆகியவை அது எடுத்துக்கொண்டு போய்விடுபவை. இவை குறைவதை வைத்தியர்கள் எதிர்மறைக் குறிகள் என்பார்கள். எழுந்து பல் துலக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். தெரிந்ததைச் செய்யத் தூண்டும் சக்திதான் அவனிடம் இல்லை. அதைச் சோம்பல் என்பது, கால் முறிந்தவனை நடக்கச் சோம்பல் என்பதற்கு ஒப்பாகும்.

1952-ல் பாரிஸ் நகரத்து ஸேன்ட்-ஆன் மருத்துவமனையில் ழான் டிலேயும் பியேர் டெனிக்கரும் குளோர்ப்ரோமஸின் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்ததிலிருந்து, இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு என்ற நிலைமை உலகத்துக்கு வந்தது. அதன் வழிவந்த மருந்துகள் மூளையில் டோபமின் என்னும் ரசாயனத்தின் செயலைத் தணிக்கின்றன. குரல்களும் சந்தேகங்களும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அடங்கத் தொடங்கும். ஆனால் போன ஊக்கம் அவ்வளவு சுலபமாக மருந்துக்கு இசைந்து திரும்பிவிடுவதில்லை. வீட்டார் தடுமாறுவது இங்கேதான்: சத்தம் ஓய்ந்ததால் நோயும் ஓய்ந்தது என்று எண்ணி, இன்னும் படுத்தே கிடக்கிறானே என்று ஏசத் தொடங்குகிறார்கள்.

அந்த ஏச்சைப் பற்றி இங்கிலாந்தில் ஜார்ஜ் பிரௌன் என்ற சமூகவியல் அறிஞர் 1950-களில் ஆராயத் தொடங்கினார். குணமாகி வெளியேறியவர்களில், ஓயாமல் குறை கூறும் உறவினரிடம் திரும்பியவர்களுக்கு நோய் மீண்டும் மூளுவது அதிகமாக இருந்தது. இதைக் கேட்டுப் பெற்றோர் மனம் நோகக் கூடாது. தாயின் வளர்ப்பினால் இந்த வியாதி உண்டாகிறது என்று ஒரு காலத்தில் சில மேனாட்டு நிபுணர்களே சொன்னது பெரும் பிழை. எத்தனையோ தாய்மாரை வீணாகக் கலங்க அடித்த பிழை. வந்த நோய் எவர் குற்றமுமன்று. ஆனால் வீட்டில் வழங்கும் சொல், மாத்திரையைப் போலவே சிகிச்சையின் ஓர் அங்கம்.

இந்நோயை முதலில் வகுத்துரைத்த ஜெர்மானிய வைத்தியர் கிரேப்லின், இது நாளுக்கு நாள் புத்தியைத் தேய்த்துக்கொண்டே போகும் என்று அபிப்பிராயப்பட்டார். சென்னையில் 1981-ல் தொடங்கி, முதன்முறை நோயுற்ற 90 பேரைப் பல்லாண்டு காலம் விடாமல் பின்தொடர்ந்த ஆராய்ச்சி அந்த அபிப்பிராயத்துக்கு இடம் கொடுக்கவில்லை. பத்தாண்டு கழித்து அவர்களில் பெரும்பாலோர் குறிகள் தணிந்தே இருந்தார்கள்.

நான் சொன்ன பிள்ளையின் தகப்பனாரை வைத்தியர் தனியே அழைத்து, "புத்திமதி சொல்லாதீங்க, ஒரு நாளைக்கு ஒரு சின்ன வேலை மட்டும் சொல்லுங்க" என்றாராம். மாடியில் இருந்த நாலு தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று அவர் ஏற்பாடு செய்தார். முதல் மாதம் அவரே வாளியைச் சுமந்து சென்றார். பிள்ளை பக்கத்தில் நின்றான். மூன்றாம் மாதம், செம்பை அவன் வாங்கிக்கொண்டான். ஜன்னலில் ஒட்டிய தாள்களை வீட்டில் எவரும் கிழிக்கவில்லை. சென்ற முறை நான் கண்டபோது, அவற்றில் ஒன்று மட்டும் நனைத்துச் சுரண்டப்பட்டிருந்தது.

வாயுலர்தல், கைநடுக்கம், உடல் பருத்தல் முதலாக இம்மருந்துகள் தரும் உபாதைகளையும், அவற்றுக்கு அஞ்சி மாத்திரையை நடுவே நிறுத்துவதால் நேர்வதையும் அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)