முன்கூட்டியே கையொப்பமிடலாமா?

கூடைப்பந்து ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர் களத்தில் நிற்பர். அவர்களில் ஓரிருவரே நட்சத்திர வீரர்கள். மற்றவர்கள் எதிரணியின் சிறந்த வீரரைத் தடுப்பது, தவறிய பந்தைப் பிடிப்பது, தொலைவிலிருந்து எறிவது என்று தத்தம் பணியைச் செய்யும் துணை வீரர்கள். அவர்களில் ஒருவர்தான் அமெரிக்காவின் அலெக்ஸ் கரூசோ.

2024 ஜூன் மாதம் இவர் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணிக்கு வந்தார். அவருடைய ஒப்பந்தம் 2025 கோடையில்தான் முடியவிருந்தது. ஆனால், ஏறத்தாழ ஆறு மாதங்களில், 2024 டிசம்பரிலேயே, அணி அவருடைய ஒப்பந்தத்தை மேலும் 4 ஆண்டுகளுக்கு நீட்டித்துவிட்டது. தொகை ஏறத்தாழ 8 கோடியே 10 லட்சம் டாலர்!

புள்ளிகளைக் குவிக்காத, தடுப்பாட்டத்துக்குப் பெயர் பெற்ற ஒருவருக்கு ஏன் இந்த அவசரம்? பருவம் முடியும்வரை காத்திருக்கலாமே? இது விளையாட்டுக் கேள்வி போலத் தோன்றும். உண்மையில் இது கணக்குக் கேள்வி.

ஊதியத்துக்கு ஓர் எல்லை

என்.பி.ஏ. எனப்படும் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் 1984-85 ஆம் பருவம் முதல் ஊதிய உச்சவரம்பு உண்டு. அன்று ஓர் அணிக்கு 36 லட்சம் டாலராக இருந்த வரம்பு, 2024-25 இல் 14 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. வரம்பை மீறுவதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. ஆயினும் மிகவும் மீறினால் அணி வரி கட்ட வேண்டும். எனவே ஒருவருக்கு அதிகமாகக் கொடுத்தால் மற்றொருவருக்குக் கொடுப்பது கடினமாகும். ஒப்பந்தத் தொகை பெரும்பாலும் உறுதி செய்யப்பட்டது. வீரர் காயமுற்று வீட்டில் இருந்தாலும் பணம் போய்ச் சேரும்.

தராசில் வைத்துப் பார்ப்போம்

கற்பனையாக ஓர் இளம் துணை வீரரை எடுத்துக்கொள்வோம். இன்று அவருடைய மதிப்பு ஆண்டுக்கு 120 லட்சம் டாலர். அடுத்த ஆண்டு அவர் முன்னேறினால் மதிப்பு 200 லட்சம். அப்படியே இருந்தால் 120 லட்சம். காயமுற்றாலோ ஆட்டம் குன்றினாலோ 60 லட்சம். முன்னேற 100 க்கு 30 வாய்ப்பு, அப்படியே இருக்க 50, குன்ற 20 என்று வைத்துக்கொள்வோம்.

இன்றே 120 லட்சத்துக்கு ஒப்பந்தம் செய்தால், அவர் முன்னேறும்போது அணிக்கு 80 லட்சம் மிச்சம். குன்றினால் 60 லட்சம் நட்டம். வாய்ப்பால் பெருக்குங்கள்: 80 × 0.3 = 24; 60 × 0.2 = 12. கழித்தால் 12 லட்சம் ஆதாயம். ஆகவே இன்றே கையொப்பமிடுவது நல்லது.

இப்போது வயது கூடிய மற்றொரு வீரர். விலைகள் அவையே. ஆனால் முன்னேறும் வாய்ப்பு 10, குன்றும் வாய்ப்பு 30. கணக்கு 8 - 18, அதாவது 10 லட்சம் நட்டம். அதே விலை, அதே ஆட்டம். விடை மட்டும் தலைகீழ்! விலை மட்டுமன்று, வாய்ப்பும் சேர்ந்தே விடையைத் தீர்மானிக்கிறது.

வீரர் ஏன் சம்மதிக்கிறார்?

காத்திருந்தால் 200 லட்சம் கிடைக்கக்கூடிய இளைஞர் ஏன் 120 லட்சத்துக்கு இசைய வேண்டும்? இதற்கு 1738 ஆம் ஆண்டிலேயே டேனியல் பெர்னூலி என்னும் கணித அறிஞர் விடை சொன்னார். பணத்தின் பயன் அதன் தொகையைப் பொறுத்தது மட்டுமன்று. அதைப் பெறுபவரிடம் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்பதையும் பொறுத்தது. வெறுங்கையாக இருப்பவனுக்கு முதல் நூறு ரூபாய் பெரிது. பத்தாவது நூறு அவ்வளவு பெரிதன்று.

வீரருக்கு இருப்பது ஒரே முழங்கால் இணை. ஒரு தவறான குதிப்பில் அவருடைய எதிர்காலமே மாறிவிடலாம். அணிக்கோ பதினைந்து வீரர்கள். ஒருவரிடம் இழந்ததை இன்னொருவரிடம் ஈட்டலாம். ஆகவே வீரர் சற்றுக் குறைந்த தொகைக்கு உறுதியை வாங்குகிறார். ஆயுள் காப்பீட்டு நிறுவனம் நடப்பதும் இந்தத் தத்துவத்தில்தான் அல்லவா?

வாய்ப்பை எப்படி அறிவது?

இங்கேதான் சிக்கல். நாம் 30, 20 என்று எளிதாக எழுதிவிட்டோம். உண்மை வீரருக்கு அதை யார் சொல்வது?

ஒரு சிறு சோதனை செய்யுங்கள். ஒரே அளவான 25 அட்டைத் துண்டுகளில் ஒன்பதில் மட்டும் குறியிட்டு ஒரு பையில் போடுங்கள். பார்க்காமல் ஒன்றை எடுத்து, குறித்துக்கொண்டு, மீண்டும் பையிலேயே போட்டுக் குலுக்குங்கள். இவ்வாறு 25 முறை செய்யுங்கள். இந்தப் பைதான், தொலைவிலிருந்து எறிவதில் நூற்றுக்கு 36 வெற்றி காணும் நமது வீரர்!

ஒன்பது முறை குறி வர வேண்டும். ஆனால் ஏழும் வரலாம், பதினொன்றும் வரலாம். ஏழு வந்தால் 28 விழுக்காடு: 'சோடை போனவர்' என்போம். பதினொன்று வந்தால் 44 விழுக்காடு: 'அபாரம்' என்போம். பை மாறவே இல்லை! எறிதல்கள் 400 ஆனால் இந்த ஆட்டம் அடங்கும். மூன்றில் இரண்டு தடவை விடை ஏறக்குறைய 34 க்கும 38 க்கும் இடையே நிற்கும்.

எனவே சில வாரங்கள் அபாரமாக ஆடியவர் பின்னர் தம் பழைய சராசரிக்குத் திரும்புவதில் வியப்பில்லை. பெற்றோர், பிள்ளைகள் உயரங்களை ஆராய்ந்த பிரான்சிஸ் கால்டன் 1886 இல் விளக்கிய 'சராசரியை நோக்கித் திரும்புதல்' இதுவே. சூட்டோடு சூடாகக் கையொப்பமிடும் அணி, திறமைக்கு அன்றி அதிர்ஷ்டத்துக்கு விலை கொடுக்கிறது.

மூன்று கதைகள்

கோல்டன் ஸ்டேட் அணியின் ஸ்டீபன் கரி 2011-12 பருவத்தில் கணுக்கால் காயங்களால் 66 ஆட்டங்களில் 26 மட்டுமே ஆடினார். 2012 அக்டோபரில் அணி அவரை 4 ஆண்டுக்கு 4 கோடியே 40 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. 2015, 2016 ஆகிய இரு ஆண்டுகளிலும் அவரே சங்கத்தின் மிகச்சிறந்த வீரர்! அணிக்குப் பெரும் ஆதாயம்.

சிகாகோவின் ஜிம்மி பட்லர் 2014 இல் அணி தர முன்வந்த தொகையை மறுத்தார். அடுத்த பருவத்தில் மிகவும் முன்னேறிய வீரர் விருது பெற்றார். 2015 இல் 9 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் பெற்றார். காத்திருந்தவருக்கு ஆதாயம்.

ஆர்லாண்டோவின் ஜோனதன் ஐசக் முழங்கால் காயத்தோடு இருந்தபோதே, 2020 டிசம்பரில், சுமார் 7 கோடி டாலருக்கு 4 ஆண்டு நீட்டிப்புப் பெற்றார். அந்த ஒப்பந்தத்தின் முதல் ஆண்டில் அவர் ஆடவே இல்லை; இரண்டாம் ஆண்டில் 11 ஆட்டங்கள் மட்டுமே.

ஆர்லாண்டோ முட்டாள், கோல்டன் ஸ்டேட் புத்திசாலி என்று முடிவு கட்டலாமா? கூடாது. இருவருமே காயமுற்ற இளைஞரின் எதிர்காலத்துக்கு விலை கொடுத்தவர்கள். நாணயம் ஒரு பக்கம் தலை விழுந்தது; மறுபக்கம் பூ விழுந்தது. ஒரு முடிவு சரியா என்பதை, அதை எடுத்த நாளில் தெரிந்திருந்த செய்திகளைக் கொண்டே எடை போட வேண்டும்.

விடை என்ன?

துணை வீரரின் ஒப்பந்தத்தை முன்கூட்டியே நீட்டிப்பது மூன்று நிபந்தனைகளில் நல்லது. அவருடைய திறமைக்குப் பல பருவச் சான்று இருக்க வேண்டும். முன்னேறும் வாய்ப்பையும் குன்றும் வாய்ப்பையும் எடை போட்டு விலை பேசியிருக்க வேண்டும். அந்தத் தொகை மற்ற வீரர்களுக்குரிய இடத்தை விழுங்கிவிடக் கூடாது.

கரூசோவுக்கு முதல் நிபந்தனை பொருந்தியது: 2023, 2024 இரு ஆண்டுகளிலும் சிறந்த தடுப்பாட்டக்காரர் பட்டியலில் இடம் பெற்றவர் அவர். 2025 ஜூனில் ஓக்லஹோமா சிட்டி வாகையும் சூடியது. ஆனால் அந்த வெற்றி பழைய ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் வந்தது. புதிய ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு வயது 35. முப்பதைத் தாண்டிய கால்களின் வேகம் குறையும் வாய்ப்பை அணி எவ்வளவு என்று மதிப்பிட்டது? அந்த எண்ணில்தான் கணக்கு முழுவதும் இருக்கிறது.

அடுத்த முறை ஒருவரைப் பற்றி 'நான் அப்போதே சொன்னேனே!' என்று யாரேனும் பெருமை பேசினால், 'அப்போது எத்தனை வாய்ப்பு என்று சொன்னீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள்.